பள்ளிக்கூடத்தில் கெஞ்சாமல் கேட்பது எப்படி

என் மகன் இரண்டாம் வகுப்பு முடிக்கும் சமயம். பிரின்சிபால் ரூமுக்குக் கூப்பிட்டு, "உங்க பையனுக்கு எங்க ஸ்கூல் செட் ஆகலைம்மா, அவன் நல்லதுக்குத்தான் சொல்றோம், ஒரு ஸ்பெஷல் ஸ்கூலா பாத்து சேத்துடுங்க" என்றார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "தேங்க்ஸ் மேடம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். பஸ் ஸ்டாப்பில் நின்று அழுது முடித்த பிறகுதான் உறைத்தது, அந்த அம்மா சொன்னதில் ஒரு வரிகூடக் காகிதத்தில் இல்லை. நாளைக்கே "நாங்க அப்படிச் சொல்லவே இல்லையே, நீங்களாத்தானே டிசி கேட்டீங்க" என்றால் என் கையில் என்ன இருக்கிறது?

மகனுக்கு ஆட்டிசம். இப்போது எட்டாம் வகுப்பு, வேறு பள்ளி. இந்த ஆறு வருடத்தில் நான் பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இருக்கிற பெற்றோருக்காக எழுதுவது, அதனால் அலுவலகப் பெயர்களெல்லாம் நம்ம ஊர்ப் பெயர்கள். ஆட்டிசம்தான் என்றில்லை, டிஸ்லெக்சியா, காது கேளாமை, பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு எதுவாக இருந்தாலும் வழி கிட்டத்தட்ட இதுதான்.

முதலில் சான்றிதழ்

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கப் பல பேர் தயங்குகிறார்கள். "முத்திரை குத்திடுவாங்க", "நாளைக்குக் கல்யாணத்துக்குப் பாதகமா வரும்", "பெரியவனானா சரியாயிடும்னு மாமியார் சொல்றாங்க". நானும் ஒன்றரை வருடம் இப்படித் தள்ளிப்போட்டவள்தான். முத்திரையெல்லாம் சான்றிதழ் இல்லாமலே குத்தியாயிற்று, பள்ளியில் "அந்தப் பையன்" என்றுதான் சொல்வார்கள். காகிதம் இருந்தால் அந்தப் பேச்சோடு சேர்த்து உரிமையும் கிடைக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

யுடிஐடி அட்டைக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு, ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், மருத்துவ மதிப்பீட்டை அரசு மருத்துவமனையில் செய்வார்கள். குழப்பமாக இருந்தால் நேராக மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போய்விடுங்கள், பெரும்பாலும் கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலேயே இருக்கும். இன்னொரு எளிய வழி, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வட்டார வள மையங்களில் நடத்துகிற மருத்துவ மதிப்பீட்டு முகாம். 18 வயது வரைக்குமான பிள்ளைகளுக்கு டாக்டர்கள் ஒரே இடத்துக்கு வருவார்கள். கூட்டம் இருக்கும், பிள்ளை அங்கே கத்தத்தான் செய்யும், தண்ணீரும் பிஸ்கட்டும் பிடித்த பொம்மையும் எடுத்துக்கொண்டு சீக்கிரமே போய் டோக்கன் வாங்குங்கள். மிகச் சிறு குழந்தையென்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது, அங்கே தொடங்கலாம். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனமும் உண்டு.

டிஸ்லெக்சியா மாதிரியான கற்றல் குறைபாட்டுக்கு மட்டும் ஒரு விஷயம். சான்றிதழுக்கான மதிப்பீட்டை எட்டு வயதில்தான் தொடங்குவார்கள், அப்புறம் 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பார்ப்பார்கள். அதற்காக எட்டு வயது வரை சும்மா இருக்கத் தேவையில்லை. கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டுபிடித்து அதற்கேற்ப கற்பிக்க வேண்டியது பள்ளியின் கடமை என்று சட்டத்திலேயே இருக்கிறது.

தெரிந்து வைத்திருக்க வேண்டிய சட்டம் ரொம்பக் கொஞ்சம்தான்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016. இதில் 21 வகைக் குறைபாடுகள் வருகின்றன. உங்களுக்கு வேண்டியது பிரிவு 16, 17, 31. மூன்று எண், போன் நம்பர் மாதிரி மனப்பாடம் ஆகிவிடும்.

பிரிவு 16 அரசுப் பள்ளிக்கு மட்டுமானது இல்லை, அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிக்கும் பொருந்தும். பாகுபாடு காட்டாமல் சேர்க்க வேண்டும், கட்டடமும் கழிப்பறையும் பிள்ளை பயன்படுத்துகிற மாதிரி இருக்க வேண்டும், அந்தப் பிள்ளையின் தேவைக்கேற்ற ஏற்பாடுகளைச் செய்து தர வேண்டும், தனிப்பட்ட ஆதரவு தர வேண்டும், எவ்வளவு முன்னேறியிருக்கிறான் என்று கண்காணிக்க வேண்டும். தேவைக்கேற்ற ஏற்பாட்டைத்தான் ஆங்கிலத்தில் ரீசனபிள் அக்காமடேஷன் என்கிறார்கள். பள்ளியின் தலையில் அளவுக்கு மீறிய சுமை ஏறாத எந்த மாற்றமும் அதில் அடங்கும். அதை மறுப்பதே பாகுபாடு என்று சட்டம் சொல்கிறது, இந்த வரி எனக்கு இரண்டு தடவை கைகொடுத்திருக்கிறது.

பிரிவு 17-இல் பாடத்திட்டம், தேர்வு முறையில் மாற்றங்கள் வருகின்றன: கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு. பிரிவு 31 என்பது 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி. எது என்பதை முடிவு செய்வது பிள்ளையின் பக்கம், பள்ளியின் பக்கம் இல்லை.

"40 சதவீதம் இல்லையே, அப்போ உங்களுக்கு ஒண்ணும் கிடையாது" என்று ஒரு கிளார்க் சொல்வார். கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். 40 என்பது இட ஒதுக்கீடு, இலவசக் கல்வி, உதவித்தொகை போன்றவற்றுக்கான கோடு. பிரிவு 16-க்கு அந்தக் கோடு இல்லை. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது: எழுதுவதில் சிரமம் உள்ளவருக்கு 40 சதவீதம் இல்லை என்ற காரணத்துக்காக சொல்வதை எழுதுபவரை மறுக்கக்கூடாது.

இதோடு கல்வி உரிமைச் சட்டம் 2009. சேர்க்கையில் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இன்டர்வியூ, டெஸ்ட் வைப்பது தப்பு, முதல் தடவைக்கே 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையைப் பள்ளியை விட்டு வெளியேற்ற முடியாது. தனியார் பள்ளிகளில் நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தரும் 25 சதவீத ஒதுக்கீடு இருக்கிறதே, அதில் நம் பிள்ளைகளும் வருவார்கள் என்பது 2012 திருத்தத்திலிருந்து இருக்கிறது. பாதிப் பேருக்கு இது தெரியாது.

"கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று கேட்காதீர்கள்

நான் மூன்று வருடம் கேட்டது இதைத்தான். கொஞ்சம் பாத்துக்கோங்க மிஸ், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க மிஸ். மிஸ்ஸும் பாவம், "சரிங்கம்மா பாத்துக்கிறேன்" என்பார். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்னத்தைப் பார்ப்பார், எதைப் பார்ப்பார்? கேட்ட எனக்கே தெரியாது.

கேட்பது நடந்ததா இல்லையா என்று நாளைக்குப் பார்த்தே சொல்லிவிடக்கூடியதாக இருக்க வேண்டும். "கவனம் செலுத்துங்கள்" என்பதை அளக்க முடியாது. "ஜன்னல் பக்கம் வேண்டாம், முதல் பெஞ்சில் சுவர் ஓரமாக உட்கார வையுங்கள்" என்பதை வகுப்பு வாசலில் நின்று எட்டிப் பார்த்தாலே தெரியும்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் பிள்ளையோடு உட்காருங்கள். எந்த நேரத்தில், எந்த இடத்தில், என்ன நடந்தபோது அவன் உடைகிறான்? என் மகனுக்குப் பிரச்சினை கணக்குப் பாடம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். குறித்து வைத்துப் பார்த்தால் திங்களும் வியாழனும்தான் மோசம். அந்த இரண்டு நாள் காலையில் மைக் வைத்துப் பிரேயர், ஸ்பீக்கருக்குக் கீழேதான் மூன்றாம் வகுப்பு வரிசை. காதைப் பொத்திக்கொண்டு நிற்பவனைக் கையை இறக்கச் சொல்லி அதட்டியிருக்கிறார்கள், அதற்கு அப்புறம் முதல் பீரியட் கணக்கு. எங்கே வைத்தியம் பார்க்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது இல்லையா? வரிசையின் கடைசிக்கு மாற்றச் சொன்னேன். பைசா செலவில்லை.

இந்த மாதிரிச் சின்ன விஷயங்கள்தான் பெரும்பாலும். போர்டில் இருப்பதைப் பார்த்து எழுதுவது மெதுவாக வரும் பிள்ளைக்கு மிஸ்ஸின் நோட்டையோ பக்கத்துப் பிள்ளையின் நோட்டையோ ஜெராக்ஸ் எடுத்துத் தருவது. வினாத்தாளைப் பெரிய எழுத்தில் அச்சடிப்பது. பத்துக் கணக்கு ஹோம்வொர்க் என்றால் இவனுக்கு நாலு. எழுத வராத பதிலை வாயால் சொல்ல விட்டு மதிப்பெண் போடுவது. பெல் அடிப்பதற்கு இரண்டு நிமிடம் முன்னால் "இப்போ பெல் அடிக்கும்" என்று சொல்லி வைப்பது. வீல்சேரில் வரும் பிள்ளையின் வகுப்பை மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு இறக்குவது. காது கேளாத பிள்ளையிடம் பேசும்போது டீச்சர் போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசாமல் இருப்பது. தாகம் எடுத்தால் கேட்கத் தெரியாத பிள்ளைக்கு மணிக்கொரு தடவை தண்ணீர்.

ஒரு தடவையில் மூன்றுக்கு மேல் கேட்க வேண்டாம், இது என் அனுபவம். முதல் தடவை நான் பதினாலு கேட்டேன், ஒன்றுகூட நடக்கவில்லை. அதுவும் முதலாவதாக இருப்பது அவர்களுக்குச் சுலபமானதாக இருக்கட்டும், செய்துவிட்டோம் என்ற திருப்தியில் இரண்டாவதையும் செய்வார்கள்.

கடிதம்

எதைக் கேட்டாலும் எழுதிக் கொடுங்கள். வாட்ஸ்ஆப் வாய்ஸ் மெசேஜ் கடிதம் ஆகாது. கேட்டில் நின்று பேசியது கடிதம் ஆகவே ஆகாது. இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள், ஒன்றை அவர்களிடம் கொடுத்துவிட்டு இன்னொன்றில் தேதியோடு கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். ஆபீஸில் "சீல் எல்லாம் போட மாட்டோம்" என்றால் சண்டை வேண்டாம், வெளியே வந்து நேராகத் தபால் ஆபீஸுக்குப் போய் ஒப்புகையோடு அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மெயில் ஐடி இருந்தால் மெயிலும் போடலாம்.

நான் கொடுத்தது கிட்டத்தட்ட இப்படி இருந்தது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்:

*பொருள்: நான்காம் வகுப்பு 'ஆ' பிரிவில் பயிலும் என் மகனுக்கு வகுப்பறை ஏற்பாடுகள் கோருதல் தொடர்பாக.*

*மதிப்பிற்குரிய அம்மா, என் மகன் தங்கள் பள்ளியில் நான்காம் வகுப்பு படித்து வருகிறான். அவனுக்கு ஆட்டிசம் இருப்பதாக அரசு மருத்துவமனை சான்று வழங்கியுள்ளது, நகல் இணைத்துள்ளேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16-இன்படி அவனுக்குக் கீழ்க்காணும் மூன்று ஏற்பாடுகளைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, காலை வழிபாட்டில் ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி, வரிசையின் கடைசியில் நிற்க அனுமதி. இரண்டு, கரும்பலகையில் எழுதுவதை அவன் முடிக்காத நாட்களில் குறிப்பேட்டின் நகல். மூன்று, வகுப்புத் தேர்வுகளில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம். இதுகுறித்து வகுப்பாசிரியருடன் நேரில் பேச விரும்புகிறேன், பத்து நாட்களுக்குள் ஒரு நேரம் ஒதுக்கித் தர வேண்டுகிறேன். ஏதேனும் ஏற்பாடு இயலாது என்றால் அதன் காரணத்தை எழுத்தில் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.*

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். முடியாது என்று வாயால் சொல்வதற்கு யாரும் யோசிப்பதில்லை, அதையே லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னால் "சரி பாப்போம், விடுங்க" என்று இறங்கி வருவார்கள். எனக்கு இதுவரை ஒரு பள்ளியும் எழுதித் தந்ததில்லை.

கடிதத்தில் கோபம் வேண்டாம். "உங்கள் பள்ளியின் அலட்சியத்தால்" என்று தொடங்குகிற கடிதத்தை யாரும் இரண்டாவது வரிக்கு மேல் படிக்க மாட்டார்கள். கோபத்தை எழுதித் தீர்க்க வேண்டுமென்றால் தனி நோட்டு வையுங்கள், நான் வைத்திருக்கிறேன்.

கூடவே ஒரு ஃபைல். சான்றிதழ், தெரபி ரிப்போர்ட், ரேங்க் கார்டு, டைரிக் குறிப்பு, கொடுத்த கடிதங்கள், அப்புறம் தேதி போட்ட ஒரு நோட்டு: இன்னாரோடு பேசினேன், இது சொன்னார்கள். இரண்டு வருடம் கழித்து உங்களுக்கு எதிரே உட்காரப்போகும் ஹெச்எம் புதியவராக இருப்பார், பழைய கதை அவருக்குத் தெரியாது. ஃபைலுக்குத் தெரியும்.

மீட்டிங்குக்குப் போகும்போது

தனியாகப் போகாதீர்கள். வீட்டுக்காரரோ அண்ணனோ தோழியோ, பேசவே வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தால் போதும். என் வீட்டுக்காரர் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த மீட்டிங்கில் அதே பிரின்சிபால் என்னை "வாங்க மேடம்" என்று கூப்பிட்டார், அதற்கு முந்தின வாரம் வரை நான் "ஏம்மா". எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் காரியம் நடந்தது.

முதலில் நல்லதைச் சொல்லித் தொடங்குங்கள், அதுவும் உண்மையான நல்லதை. "போன மாசம் நீங்க படம் வரைஞ்சு சொல்லிக்கொடுத்த தண்ணீர் சுழற்சி இன்னும் வீட்ல சொல்றான் மிஸ்." வகுப்பாசிரியர் நம் எதிரி இல்லை. பி.எட். படிப்பில் அவருக்கு இதையெல்லாம் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கவில்லை, வகுப்பு நிறையப் பிள்ளைகள், சிலபஸை முடிக்கச் சொல்லி மேலிருந்து நெருக்கடி. அவர் நம் பக்கம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. நான் என் மகனைப் பற்றி ஒரு பக்கத்தில் எழுதி ஒவ்வொரு ஜூனிலும் புது மிஸ்ஸிடம் கொடுத்துவிடுவேன்: என்ன பிடிக்கும், எதற்குப் பயப்படுவான், கத்தினால் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது. பெரிய அறிக்கையெல்லாம் யாரும் படிப்பதில்லை, ஒரு பக்கத்தைப் படிக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே ஒரு மெசேஜ் போடுங்கள்: "இன்று பேசியதற்கு நன்றி மேடம். திங்கள் முதல் இடம் மாற்றுவதாகவும், நோட்டு ஜெராக்ஸ் வாரக் கடைசியில் தருவதாகவும் சொன்னீர்கள். நான் ஏதாவது தவறாகப் புரிந்திருந்தால் சொல்லுங்கள்." பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, பேசியது பதிவாகிவிட்டது.

அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி என்றால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் எந்த நாளில் வருகிறார் என்று கேட்டு அந்த நாளில் மீட்டிங் வையுங்கள். பிள்ளைக்குத் தனிக் கல்வித் திட்டம் போட்டிருக்கிறார்களா, அதன் நகல் தர முடியுமா என்று கேளுங்கள். அவர்கள் பல பள்ளிகளுக்கு ஒருவராக, தொகுப்பூதியத்தில் ஓடிக்கொண்டிருப்பவர்கள், அவர்களிடம் கத்துவதில் பிரயோஜனம் இல்லை. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தொடக்க வகுப்புகளில் பத்துப் பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் பதினைந்துக்கு ஒருவர் என்று சொல்லிவிட்டது. நாம் மேலே எழுதும்போது அந்தக் கணக்கைத்தான் கேட்க வேண்டும். சிபிஎஸ்இ பள்ளியென்றால் சிறப்புக் கல்வியாளர் வைத்திருப்பது அவர்களுடைய வாரியமே போட்ட விதி, "எங்ககிட்ட ஸ்டாஃப் இல்லை" என்பது பதிலே இல்லை. யாரை வைத்தாலும் அவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவர்கள் சொல்லும் வழக்கமான வசனங்கள்

"ஷேடோ டீச்சர் வெச்சாதான் சேத்துப்போம், சம்பளம் நீங்க குடுத்துடுங்க." வகுப்பில் அந்தப் பிள்ளைக்கு மட்டும் கூடவே இருந்து உதவும் ஆள்தான் ஷேடோ டீச்சர். பெரிய ஊர்களில் இது இப்போது சர்வ சாதாரணம். சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே ஆள் தேவை, அதை மறுக்கவில்லை. ஆனால் அதைச் சேர்க்கைக்கு நிபந்தனையாக வைப்பதும், செலவு முழுவதையும் வீட்டின் மேல் போடுவதும் வேறு. பிள்ளைக்குத் தேவையான தனிப்பட்ட ஆதரவைத் தருவது பள்ளியின் கடமை என்றுதான் பிரிவு 16 சொல்கிறது. "இந்த நிபந்தனையை எழுத்தில் கொடுங்கள்" என்று கேளுங்கள். கட்டாயத்தில் வைத்தே ஆக வேண்டிய நிலைமை என்றால், எத்தனை மாதத்தில் அந்த ஆளைக் குறைக்கப் போகிறோம் என்று அன்றைக்கே பேசிவிடுங்கள். இல்லையென்றால் பிள்ளை வகுப்பில் இருந்தும் வகுப்பாசிரியரின் பிள்ளையாக இருக்க மாட்டான்.

"மத்த பேரண்ட்ஸ் கம்ப்ளைண்ட் பண்றாங்க." யார், என்ன, எப்போது என்று கேளுங்கள். அடித்தான், கடித்தான் என்றால் அது உண்மையாகவும் இருக்கலாம், மழுப்பாதீர்கள். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று சேர்ந்து பார்ப்போம் என்று சொல்லுங்கள். என் மகன் ஒரு பையனைத் தள்ளிவிட்டது நிஜம். அந்தப் பையன் இரண்டு வாரமாக இவன் பென்சில் பாக்ஸை ஒளித்து வைத்துக்கொண்டிருந்ததும் நிஜம்.

"ஒன்பதாவதுல என்ஐஓஎஸ் போயிடுங்க." தேசிய திறந்தநிலைப் பள்ளி மோசமான வழி இல்லை, சில பிள்ளைகளுக்கு அதுதான் மூச்சுவிட இடம். நீங்களாக விசாரித்துத் தேர்ந்தெடுத்தால் சரி. பத்தாம் வகுப்பு ரிசல்ட் நூறு சதவீதம் காட்டுவதற்காக அவர்கள் தள்ளிவிட்டால் சரியில்லை.

"வீட்டிலேயே வெச்சுப் படிக்க வையுங்க, டீச்சரை அனுப்பறோம்." வீட்டுவழிக் கல்வி கடுமையான, பல்வகைக் குறைபாடுள்ள பிள்ளைகள் கேட்டால் கிடைக்கும் உரிமை. பள்ளி நமக்குத் தருகிற தண்டனை கிடையாது.

டிசி விண்ணப்பத்தில் மட்டும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். "சொந்த விருப்பத்தின் பேரில்" என்று அச்சடித்து வைத்திருப்பார்கள். அழுதுகொண்டிருக்கும் அம்மாவிடம் பேனாவை நீட்டினால் போட்டுவிடுவாள், எனக்குத் தெரியும்.

மேலே போவது

முதல் கடிதத்துக்கும், அதை நினைவூட்டி எழுதும் இரண்டாவது கடிதத்துக்கும் பதில் இல்லை என்றால் அடுத்த படி. அரசுப் பள்ளியில் முதலில் பள்ளி மேலாண்மைக் குழுவைப் பாருங்கள், அதில் முக்கால்வாசி இடம் பெற்றோருக்கு. முடிந்தால் நீங்களே உறுப்பினராகிவிடுங்கள், சாய்தளமும் கழிப்பறைக் கைப்பிடியும் தீர்மானமாக வந்தால் வேகமாக நடக்கும். அப்புறம் வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர். தனியார் பள்ளிக்கென்று மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) என்றே தனியாக இருக்கிறார், நிறையப் பேர் தவறான ஆபீஸில் மனு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளை நம்மில் பலர் பட்டா விவகாரத்துக்கு மட்டும்தான் என்று நினைக்கிறோம். ஒரு பக்க மனு, பின்னால் பழைய கடிதங்களின் நகல், அவ்வளவுதான். மனு எண் தருவார்கள், பத்திரமாக வையுங்கள். நான் போன அன்றைக்கு எனக்கு முன்னால் நூறு பேர். பதினோராம் நாள் பள்ளியிலிருந்து போன், "மேடம் எப்போ வர முடியும்?"

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் மறக்காதீர்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, எங்கள் வட்டாரத்தில் எத்தனை சிறப்புப் பயிற்றுநர்கள், இந்தப் பள்ளிக்கு எந்தெந்தத் தேதிகளில் வந்தார்கள், பிள்ளைகளுக்கான போக்குவரத்துப் படி எத்தனை பேருக்குப் போனது என்று கேட்கலாம். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். கேள்வியைச் சின்னதாக, எண்ணிக்கையாகக் கேளுங்கள், "ஏன்" என்று கேட்டால் "தகவல் வரையறைக்குள் வராது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

இதற்கும் மேலே மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். சாட்சிகளை அழைப்பது, ஆவணங்களைக் கேட்பது போன்ற விஷயங்களில் சிவில் நீதிமன்றத்தின் அதிகாரம் அவருக்கு உண்டு, நீங்கள் வக்கீல் வைத்துத்தான் போக வேண்டும் என்றில்லை. இந்தச் சட்டத்தை மீறியதாக நிரூபணமானால் முதல் தடவை 10,000 ரூபாய் வரையும், அடுத்த தடவைகளில் 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம் இருக்கிறது. வழக்கு என்று வந்துவிட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்ப்பதில்லை, உதவி எண் 15100. பிள்ளையை அடித்தார்கள், கட்டி வைத்தார்கள், அறையில் பூட்டினார்கள் என்றால் இந்தப் படிகள் எதுவும் வேண்டாம், உடனே குழந்தைகள் உதவி எண் 1098.

எல்லாரும் இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. எனக்குத் தெரிந்த பெற்றோரில் முக்கால்வாசிப் பேருக்கு இரண்டாவது கடிதத்திலேயே விஷயம் முடிந்திருக்கிறது. "பிள்ளை அங்கதானே படிக்கணும், பழிவாங்கிட்டா?" என்ற பயம் நியாயமான பயம், எனக்கும் இருந்தது. அதற்கு நான் கண்ட ஒரே வழி துணை சேர்ப்பது. அதே பள்ளியில் இதே மாதிரி இன்னும் இரண்டு பிள்ளைகளாவது இருப்பார்கள், அந்த அம்மாக்களைக் கண்டுபிடித்து மூன்று பேராகக் கையெழுத்துப் போட்டால் யார் மேலும் தனியாகக் கை வைக்க மாட்டார்கள்.

பத்தாம் வகுப்புக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே

பொதுத் தேர்வுச் சலுகைகளைக் கடைசி நேரத்தில் கேட்டு அலைகிற பெற்றோரை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். மாநிலப் பாடத்திட்டத்தில் சொல்வதை எழுதுபவர், ஒரு மணி நேரம் கூடுதல், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு, தரைத்தள அறை எல்லாம் இருக்கிறது, ஆனால் தானாக வராது. பள்ளித் தலைமையாசிரியர் வழியாக மருத்துவச் சான்றோடு விண்ணப்பித்து அரசுத் தேர்வுகள் துறையிலிருந்து ஆணை வாங்க வேண்டும். பிள்ளை பத்தாம் வகுப்பில் நுழைந்த முதல் மாதமே அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். ஆணை வந்ததும் நகல் எடுத்துத் தேர்வு நாளன்று கையில் வைத்திருங்கள். நீட் எழுதிய ஒரு மாணவிக்கு உரிய கூடுதல் நேரத்தைத் தராமல் தேர்வு மையத்திலேயே தாளை வாங்கிவிட்டார்கள், 2021-இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் அவர் பக்கம் நியாயம் என்றானது. விதி காகிதத்தில் இருக்கும், அறைக் கண்காணிப்பாளருக்குத் தெரிந்திருக்காது.

அதைவிட முக்கியம், ஒன்பதாம் வகுப்பின் எல்லாத் தேர்வையும் அதே ஏற்பாட்டில் எழுதிப் பழக வேண்டும். இன்னொருவருக்குப் பதில் சொல்லி எழுத வைப்பது தனி வித்தை. கமா, பத்தி, படத்தில் எங்கே என்ன பெயர் எழுத வேண்டும் என்பது வரை வாயால் சொல்லத் தெரிய வேண்டும். நேராகப் பொதுத் தேர்வில் போய் உட்கார்ந்தால் பிள்ளை திகைத்துப் போகும்.

என் மகனை இப்போதிருந்தே அதற்குப் பழக்குகிறேன். அவனுக்காக நான் எழுதிய கடிதங்களில் இருக்கும் வாசகங்களை அவனையே சொல்ல வைக்கிறேன். பேசவராத பிள்ளையென்றால் ஒரு படஅட்டை போதும், அதை நீட்டக் கற்றுக்கொடுங்கள். இவனுக்கு மூன்று வாக்கியம் சொல்லிக்கொடுத்தேன், அதில் "எனக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் வேணும் மிஸ்" ஒன்று. போன மாதம் வகுப்புத் தேர்வில் சொல்லியிருக்கிறான். மிஸ் கொடுத்திருக்கிறார். அஞ்சு நிமிடம் முடிந்ததும் மறுபடி "எனக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் வேணும் மிஸ்" என்றானாம், அப்புறம் மறுபடியும். மிஸ் போன் பண்ணிச் சிரிக்கிறார், இதை எப்படி நிறுத்துவது என்று நாங்கள் இரண்டு பேரும் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறோம்.